பழைய ஒலிப்பெட்டிக்குப் புதிய ஐ.சி. – மாற்றலாமா?

உங்களில் சிலருடைய வீட்டுப் பரணில் ஒரு பழைய காசெட் டெக்கோ, ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரோ, முதல் தலைமுறை சி.டி. பிளேயரோ துணி போர்த்திக் கிடக்கலாம். 1970களிலும் 1980களிலும் செய்யப்பட்ட இத்தகைய பெட்டிகளைத் தூசு தட்டி எடுத்து, மறுபடியும் பாட வைப்பதில் ஆர்வம் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் எட்டுக்கால் ஐ.சி. ஒன்றை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள புதிய ஐ.சி. ஒன்றை அந்த இடத்தில் பொருத்திவிடுவார்கள்.

பலன் என்ன? "பாட்டுக்கே புது உயிர் வந்துவிட்டது" என்பார் ஒருவர். "எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை" என்பார் இன்னொருவர். "மாற்றியதிலிருந்து பெட்டி சூடாகிறது, உறுமல் வேறு கேட்கிறது" என்பார் மூன்றாமவர். இவர்களில் யாருமே பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரே காரியத்துக்கு மூன்று விதமான பலன் எப்படி வரும்?

இதற்கு விடை காணக் காது மட்டும் போதாது. ஒரு பென்சிலும் தாளும் வேண்டும். கணக்கு ஒன்றும் பெரிதல்ல. பெருக்கல், வகுத்தல், பிதாகரஸ் தேற்றம் ஆகியவை தெரிந்தால் போதும். வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

கணக்குப் போடப் பிறந்த பெருக்கி

அந்த எட்டுக்கால் ஐ.சி.யின் பெயர் ஆப்பரேஷனல் ஆம்ப்ளிஃபயர். சுருக்கமாக ஆப்-ஆம்ப் என்பார்கள். தமிழில் செயற்பாட்டுப் பெருக்கி எனலாம். இங்கே செயற்பாடு என்பது கூட்டல், கழித்தல், தொகையிடல் போன்ற கணிதச் செயற்பாடுகளைக் குறிக்கும். மின்னழுத்தங்களைக் கொண்டு கணக்குப் போடும் இயந்திரங்களுக்காக 1940களில் உருவானது இது. 1947-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் ரகஸ்ஸினியும் அவருடைய தோழர்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தப் பெயரைப் பரப்பியது.

அந்நாளில் ஆப்-ஆம்ப் வால்வுகளால் ஆனது. 1950களில் ஃபில்பிரிக் நிறுவனம் விற்ற கே2-டபிள்யூ என்ற ஆப்-ஆம்புக்கு நேர்த்திசையில் 300 வோல்ட், எதிர்த்திசையில் 300 வோல்ட் என இரண்டு மின்வழங்கிகள் தேவைப்பட்டன. 1965-இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் பாப் விட்லர் வடிவமைத்த 709 ஐ.சி. வந்தது. அதே நிறுவனத்தில் 1968-இல் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741 வந்தது. சுமார் இருபது டிரான்சிஸ்டர்கள் ஒரு சிறு சிலிக்கன் துணுக்கில் அடங்கிவிட்டன. இந்த 741 இன்றும் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் கையில் புழங்கிவருகிறது.

ஆப்-ஆம்புக்கு இரண்டு உள்ளீடுகள் உண்டு. அவற்றுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை அது பெருக்கித் தருகிறது. எத்தனை மடங்கு? 741-இல் சுமார் 2 லட்சம் மடங்கு! அப்படியே விட்டால் இதனால் பயனில்லை. உள்ளீட்டில் ஒரு மில்லி வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு வந்தால்கூட வெளியீடு முட்டி நின்றுவிடும். ஆகவே, வெளியீட்டில் ஒரு பங்கை இரண்டு மின்தடைகளின் மூலம் எதிர் உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்புகிறோம். இதுதான் எதிர்ப் பின்னூட்டம். வெளியீட்டில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பினால், முழுச் சுற்றின் பெருக்கம் 10 என்று நிலைத்துவிடும். ஐ.சி.யின் தனிக் குணங்கள் பெரும்பாலும் மறைந்து, மின்தடைகளின் விகிதமே பெருக்கத்தைத் தீர்மானிக்கும்.

இந்த அரிய யோசனை பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹெரால்டு பிளாக்குக்கு 1927 ஆகஸ்ட் 2 அன்று உதித்தது. நியூயார்க்கில் வேலைக்குச் செல்ல ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்தவர், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தாளிலேயே அதை எழுதி வைத்தார்.

பின்னூட்டம் என்ன செய்கிறது? 2 லட்சம் மடங்கு பெருக்கக்கூடிய பெருக்கியிடம் நாம் 10 மடங்கு மட்டுமே கேட்கிறோம். மீதி 20,000 மடங்கு என்ன ஆயிற்று? பெருக்கி தானே செய்யும் பிழைகளைத் திருத்துவதற்கு அது செலவாகிறது. இதை நாம் மிச்சப் பெருக்கம் என்று அழைப்போம். மிச்சம் அதிகமானால் ஒலிச் சிதைவு குறையும்.

ஆனால் ஒரு தொல்லை இருக்கிறது. 2 லட்சம் மடங்கு என்பது 5 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். அதற்குமேல் அதிர்வெண் பத்து மடங்கு ஏறினால் பெருக்கம் பத்து மடங்கு இறங்கும். 1,000 ஹெர்ட்ஸில் 741-இன் பெருக்கம் 1,000. நம் காது கேட்கும் எல்லையான 20,000 ஹெர்ட்ஸில் வெறும் 50. சுற்றுக்கு 10 மடங்கு கொடுத்தது போக, அங்கே மிச்சம் 5 மட்டுமே. 1970களின் இறுதியில் வந்த என்.இ. 5532 என்ற ஐ.சி.க்கு அதே 20,000 ஹெர்ட்ஸில் பெருக்கம் சுமார் 500. ஆகவே மிச்சம் 50. பிழை திருத்தும் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது. புதிய ஐ.சி. சிறந்தது என்று சொல்வதற்கு இது ஒரு நல்ல காரணம்.

வேகக் கணக்கு

இனி இரண்டாவது காரணத்தைப் பார்ப்போம். 741-க்குள் 30 பிக்கோ ஃபாரட் அளவுள்ள ஒரு குட்டி மின்தேக்கி இருக்கிறது. வெளியீடு ஏறவும் இறங்கவும் வேண்டுமானால் இந்த மின்தேக்கி மின்னேற்றம் பெறவும் இழக்கவும் வேண்டும். அதற்குக் கிடைக்கும் மின்னோட்டமோ சுமார் 20 மைக்ரோ ஆம்பியர்தான். குழாயில் வரும் நீரின் அளவு மாறாதிருந்தால், குடம் நிரம்பும் வேகமும் மாறாது அல்லவா? அதுபோல மின்னோட்டத்தை மின்தேக்குத் திறனால் வகுத்தால் மின்னழுத்தம் ஏறும் வேகம் கிடைக்கும். 20-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு மைக்ரோ விநாடிக்கு 0.67 வோல்ட். தயாரிப்பாளர்கள் தரும் அளவு 0.5 வோல்ட். நம் தோராயக் கணக்கு ஏறக்குறையப் பொருந்திவிட்டது. இந்த வேகத்தை ஸ்லூ ரேட் என்பார்கள்.

சில ஐ.சி.களின் வேகம் இதோ. எல்லாம் ஒரு மைக்ரோ விநாடிக்கு:
741 – 0.5 வோல்ட்
4558 – 1 முதல் 1.7 வோல்ட்
என்.இ. 5532 – 9 வோல்ட்
டி.எல். 072 – சுமார் 13 வோல்ட்
ஓ.பி.ஏ. 2134 – 20 வோல்ட்

இவற்றுள் 4558, ஜப்பானியக் காசெட் டெக்குகளிலும் ஒலிக் கலவைப் பெட்டிகளிலும் மிகுதியாகப் பயன்பட்டது.

பட்டியலைப் பார்த்ததும், "0.5 எங்கே, 20 எங்கே! உடனே மாற்ற வேண்டியதுதான்" என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள். இசைக்கு எவ்வளவு வேகம் தேவை என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு சைன் அலை மிக வேகமாக ஏறுவது அது சுழியைக் கடக்கும்போது. அந்த வேகத்துக்கான சூத்திரம்:

தேவையான வேகம் = 2 × 3.14 × அதிர்வெண் × உச்ச மின்னழுத்தம்

சி.டி. பிளேயரின் பின்புற வெளியீட்டில் வழக்கமாகக் கிடைக்கும் பெரும அளவு 2 வோல்ட். இது சராசரி வர்க்க மூல மதிப்பு. உச்ச மதிப்பு 2.83 வோல்ட். 20,000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக் கணக்கிட்டால், மைக்ரோ விநாடிக்கு 0.36 வோல்ட் வருகிறது. 4558-இன் வேகம் இதைப்போல் மூன்று மடங்குக்கு அருகில் உள்ளது. ஆகவே இந்த வெளியீட்டுக் கட்டத்தில் வேகத்துக்காக மட்டும் 4558-ஐ மாற்றுவது வீண். தெருக்கோடிக் கடைக்குப் போய்வர மிதிவண்டி போதும். பந்தயக் கார் வாங்கினால் பத்து நிமிடம் மிச்சமாகிவிடாது.

இன்னொரு பெட்டியைப் பாருங்கள். ஒரு பழைய ஒலிக் கலவைப் பெட்டியின் வெளியீட்டுக் கட்டத்தில் 741 இருக்கிறது. உச்ச அளவு 10 வோல்ட் வரை போக வேண்டும். 20,000 ஹெர்ட்ஸில் தேவையான வேகம் 1.26 வோல்ட். 741-ஆல் முடியாது. அது 8,000 ஹெர்ட்ஸ் வரையில்தான் 10 வோல்ட்டைத் தாங்கும். அதற்குமேல் சைன் அலை முக்கோண அலையாகிவிடும். இங்கே ஐ.சி.யை மாற்றுவதில் பொருள் உண்டு.

அலைகாட்டி உள்ள ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 741-ஐப் பெருக்கம் 1 உள்ள சுற்றாக அமைத்து, 20,000 ஹெர்ட்ஸில் 10 வோல்ட் உச்சம் உள்ள சைன் அலையைக் கொடுங்கள். வெளியே வருவது சைன் அலையாக இராது. ஒரு அரை அலைக்கு 25 மைக்ரோ விநாடி. மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட் வீதம் 12.5 வோல்ட்தான் ஏற முடியும். ஆகவே சுழிக்கு மேலே 6.25, கீழே 6.25 வோல்ட் உள்ள முக்கோணம் திரையில் தெரியும். அளவைப் பாதியாக்கினாலும் வளைவு சற்றுக் கோணலாகவே இருக்கும். 3 வோல்ட்டுக்குக் குறைத்தால் மீண்டும் சைன் அலை வந்துவிடும். அதே ஐ.சி. ஓரிடத்தில் குற்றவாளி, வேறிடத்தில் குற்றமற்றவன் என்பது இப்போது விளங்கும்.

இரைச்சல் கணக்கு

பாட்டு நின்ற இடைவெளியில் "உஸ்" என்று ஓர் ஒலி கேட்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? நாடாவிலிருந்து வருவது ஒரு பங்கு. மின்தடைகளிலிருந்தும் ஐ.சி.யிலிருந்தும் வருவது இன்னொரு பங்கு. மின்தடைக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைந்துகொண்டிருப்பதால் அதன் முனைகளில் ஒரு சிறு மின்னழுத்தம் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். ஜான்சன் இதை அளந்தார், நைக்விஸ்ட் விளக்கினார். இருவர் கட்டுரைகளும் 1928-இல் வெளியாயின.

அறை வெப்பநிலையில், 20,000 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு, 200 ஓம் மின்தடை தரும் இரைச்சல் சுமார் 0.26 மைக்ரோ வோல்ட். 47 கிலோ ஓம் தருவது 3.9 மைக்ரோ வோல்ட். இதே அகலத்தில் டி.எல். 072 சேர்க்கும் இரைச்சல் 2.5 மைக்ரோ வோல்ட், என்.இ. 5532 சேர்ப்பது 0.7 மைக்ரோ வோல்ட்.

இரைச்சல்களைக் கூட்டும்போது ஒரு விந்தை உண்டு. 3-ம் 4-ம் சேர்ந்தால் 7 ஆகாது, 5 ஆகும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆட்டங்கள் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப்போல் கூடுகின்றன. கர்ணமே மொத்த இரைச்சல்.

முதலில் ஒரு மைக்ரோஃபோன் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். மைக்ரோஃபோனின் மின்தடை 200 ஓம். டி.எல். 072 இருந்தால் மொத்த இரைச்சல் 2.5 மைக்ரோ வோல்ட்டுக்குச் சற்று மேல். என்.இ. 5532 இருந்தால் சுமார் 0.75 மைக்ரோ வோல்ட். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு! மைக்ரோஃபோன் தரும் குறிப்பலையே ஒரு மில்லி வோல்ட் அளவில்தான் இருக்கும் என்பதால் இந்த மாற்றம் காதுக்குத் தெளிவாகத் தெரியும்.

அதே பெட்டியில் வேறோர் இடம். இங்கே ஐ.சி.க்கு முன்னால் 47 கிலோ ஓம் மின்தடை இருக்கிறது. "இங்கும் 5532-ஐப் போட்டால் இரைச்சல் குறையுமே" என்று நினைப்போம். ஆனால் 5532-இன் உள்ளீட்டில் மின்னோட்டமும் சற்று ஆடுகிறது. அந்த ஆட்டம் 47 கிலோ ஓம் வழியே பாயும்போது, ஓம் விதிப்படி 4.7 மைக்ரோ வோல்ட் இரைச்சலைப் புதிதாக உண்டாக்கும். டி.எல். 072-இன் உள்ளீட்டில் இருப்பது புலவிளைவு டிரான்சிஸ்டர். அதில் இந்த ஆட்டம் புறக்கணிக்கத்தக்கது. மூன்றையும் கர்ணக் கணக்கில் கூட்டினால் 5532-க்கு 6.1 மைக்ரோ வோல்ட், 072-க்கு 4.7 மைக்ரோ வோல்ட். இரைச்சல் குறைந்த ஐ.சி. என்று பெயர் வாங்கியதே இங்கே அதிகம் இரைகிறது!

இன்னொன்றும் உண்டு. 5532-இன் உள்ளீட்டுக்குள் எப்போதும் சுமார் 200 நானோ ஆம்பியர் நேர்மின்னோட்டம் பாய்கிறது. வழியில் 100 கிலோ ஓம் மின்தடை இருந்தால் அதில் 20 மில்லி வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். அந்த இடத்தில் இருப்பது ஒலியளவுக் குமிழாக இருந்தால், அதைத் திருப்பும்போதெல்லாம் "கரகர" என்று கேட்கும். புலவிளைவு வகை ஐ.சி.யில் இந்த மின்னழுத்தம் சில மைக்ரோ வோல்ட்டுகளே.

ஆகவே எது சிறந்த ஐ.சி. என்று பொதுவாகக் கேட்டால் விடை இல்லை. எந்த இடத்துக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை உண்டு.

வேகமே வினையாகும்போது

மூன்றாமவரின் பெட்டி ஏன் சூடானது? ஊஞ்சலில் ஆடும் குழந்தையை நிறுத்த வேண்டுமானால், அது நம்மை நோக்கி வரும்போது எதிராகத் தள்ளுவோம். கை சற்றுப் பிந்திவிட்டால்? குழந்தை அப்பால் போகும்போது தள்ளியதாக ஆகிவிடும்; ஊஞ்சல் இன்னும் உயரப் போகும். எதிர்ப் பின்னூட்டமும் இப்படித்தான். குறிப்பலை சுற்றி வர ஆகும் தாமதம் அரை அலை அளவுக்கு வந்துவிட்டால், எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாகிவிடும். பெருக்கி தானே அலைவியற்றி ஆகிவிடும்.

741-க்குள் 30 பிக்கோ ஃபாரட் மின்தேக்கியை வைத்ததே இதைத் தடுக்கத்தான். தாமதம் ஆபத்தான அளவை எட்டுவதற்குள் பெருக்கத்தை 1-க்குக் கீழே இறக்கிவிடுகிறது அது. வேகமான ஐ.சி.யிலோ பல மெகா ஹெர்ட்ஸ் வரை பெருக்கம் மிஞ்சியிருக்கும். மெதுவான ஐ.சி.யை மனத்தில் வைத்து, நீண்ட செப்புத் தடங்களோடு வரைந்த பழைய பலகையில் அதைப் பொருத்தினால், நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் அலைவு தொடங்கலாம். நமக்குத் தெரிவதெல்லாம் ஐ.சி. சுடுவதும் ஒலி கரடுமுரடாவதும்தான். மின்வழங்கிக் கால்களுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் மின்தேக்கி வைப்பது இதற்கு வழக்கமான மருந்து. என்.இ. 5534 என்ற ஒற்றை ஆப்-ஆம்ப் 3 மடங்குக்குக் குறைந்த பெருக்கத்தில் தானாக நிலைத்திராது. 5-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் இடையே 22 பிக்கோ ஃபாரட் மின்தேக்கி வேண்டும்.

உறுமலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். 4558 ஒன்று சுமார் 3 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கிறது. 5532 சுமார் 8. ஒரு பெட்டியில் பத்து ஐ.சி. இருந்தால் 30 மில்லி ஆம்பியர் 80 ஆகிவிடும். பழைய மின்வழங்கியில் 20 வோல்ட்டை 100 ஓம் மின்தடை வழியாக அனுப்பி, 15 வோல்ட் ஜீனர் டையோடால் நிலைநிறுத்தியிருக்கிறார்கள் என்று கொள்வோம். மின்தடையில் 5 வோல்ட் இறங்குகிறது. ஆகவே அதன் வழியே வருவது 50 மில்லி ஆம்பியர். ஐ.சி.களுக்கு 30, ஜீனருக்கு 20. இப்போது புதிய ஐ.சி.கள் 80 கேட்கின்றன. மின்தடையில் 8 வோல்ட் இறங்கி, மீதி 12 வோல்ட்தான் கிடைக்கும். 15 வோல்ட் இல்லாததால் ஜீனர் வேலை செய்யாது. மின்வழங்கியின் ஏற்ற இறக்கங்களைத் தடுக்க ஆளில்லாமல் அவை ஒலியில் கலந்து உறுமும். ஐ.சி.யின்மேல் பழி சொல்லிப் பயனில்லை.

உண்மைக் குற்றவாளி பக்கத்தில் இருக்கலாம்

நாற்பது ஆண்டு ஆன பெட்டியில் முதலில் மூப்படைவது பெரும்பாலும் ஐ.சி. அல்ல, மின்பகு திரவம் கொண்ட மின்தேக்கிகள். ஆண்டுகள் போகப் போக அந்தத் திரவம் வற்றி, மின்தேக்குத் திறன் குறையும். 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 10 கிலோ ஓம் மின்தடையோடு சேர்ந்து 16 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலிகளைக் கடத்துகிறது. திறன் 0.2 மைக்ரோ ஃபாரட்டாகச் சுருங்கினால் எல்லை 80 ஹெர்ட்ஸாக ஏறிவிடும். மிருதங்கத்தின் இடந்தலை மெலிந்து ஒலிக்கும். இத்தகைய பெட்டிக்கு உலகின் சிறந்த ஐ.சி.யைப் போட்டாலும் பலன் இராது. துருவேறிய சுவிட்சு, அழுக்குப் படிந்த நாடாத் தலை ஆகியவையும் இப்படித்தான்.

மின்தேக்கிகளையும் ஐ.சி.யையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, "ஐ.சி.யால் ஒலி சிறந்தது" என்று சொல்வது அறிவியல் முறை ஆகாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அளந்து குறித்துவையுங்கள்.

காதை எப்படி நம்புவது?

காது அரிய கருவிதான். ஆனால் அதன் பின்னால் ஆசை நிற்கிறது. பணமும் உழைப்பும் செலவழித்தவருக்கு வேறுபாடு கேட்டே தீரும். மேலும், இரண்டு ஒலிகளில் ஒன்று இம்மியளவு உரக்க இருந்தாலும் அதுவே இனிமையாகத் தோன்றும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஐ.சி.யை மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரே பாட்டைக் கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் குறிப்பலை ஒன்றைக் கொடுத்து, இரண்டு பதிவுகளின் அளவும் ஒன்றாக இருக்கும்படி சரிசெய்யுங்கள். உங்கள் தம்பியோ தங்கையோ மறைவில் நாணயத்தைச் சுண்டட்டும். பூ விழுந்தால் பழையது, தலை விழுந்தால் புதியது. எது ஒலிக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். பத்து முறை செய்யுங்கள்.

ஏழு முறை சரியாகச் சொல்லிவிட்டால் வெற்றிதானா? ஒன்றும் கேட்காமல் குருட்டுத்தனமாகச் சொல்பவர்கூட பத்தில் ஏழோ அதற்கு மேலோ சரியாகச் சொல்ல வாய்ப்பு 1,024-இல் 176. ஏறக்குறைய ஆறில் ஒன்று. இது போதாது. ஒன்பதோ பத்தோ சரியாகச் சொல்ல வாய்ப்பு 1,024-இல் 11 மட்டுமே. அந்த அளவு வந்தால், உங்கள் காது உண்மையிலேயே எதையோ கேட்கிறது என்று நம்பலாம்.

மாற்றத் துணிந்தால்

கணக்குப் போட்டு, தேவை என்று முடிவு செய்துவிட்டீர்களா? சில எச்சரிக்கைகள்:

1. மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பெரிய மின்தேக்கிகளில் அதற்குப் பின்னும் மின்னேற்றம் தங்கியிருக்கும். அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் கட்டாயம் அருகில் இருக்க வேண்டும். வால்வுப் பெட்டிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் உண்டு. அவற்றைத் தொடவே வேண்டாம்.

2. ஒற்றை ஆப்-ஆம்புக்கும் இரட்டை ஆப்-ஆம்புக்கும் எட்டுக் கால்கள்தான். ஆனால் கால்களின் பணி வேறு. 741 இருந்த இடத்தில் 5532 பொருந்தாது. 4558 இருந்த இடத்தில் பொருந்தும். சில ஜப்பானியப் பெட்டிகளில் கால்கள் ஒரே வரிசையில் அமைந்த 4558 இருக்கும். அதையும் கவனியுங்கள்.

3. பழைய பலகையில் செப்புத் தடம் எளிதில் உரிந்துவிடும். ஐ.சி.யை முழுதாக நெம்பி எடுக்காதீர்கள். கால்களை ஒவ்வொன்றாக வெட்டி, பிறகு ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி எடுப்பது பலகைக்கு நல்லது. அந்த இடத்தில் ஒரு சாக்கெட்டைப் பற்றவைத்துவிட்டால் பிறகு எந்த ஐ.சி.யையும் செருகிப் பார்க்கலாம். ஐ.சி.யின் தலைப்பக்கக் குழியைப் பார்த்துத் திசை மாறாமல் செருகுங்கள்.

4. சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருக்களில் வாங்கினாலும், வெளியூரிலிருந்து வரவழைத்தாலும், சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். மலிவான ஐ.சி.யின் மேல்பரப்பைத் தேய்த்துவிட்டு, விலை உயர்ந்த எண்ணை அச்சிட்டு விற்கும் மோசடி உலகெங்கும் உண்டு. மேலே சொன்ன முக்கோண அலைச் சோதனை இங்கே உதவும். 9 வோல்ட் வேகம் காட்ட வேண்டிய ஐ.சி. 1 வோல்ட் காட்டினால் அது வேறு எதுவோ.

5. வேலை முடிந்ததும் ஐ.சி.யை விரலால் தொட்டுப் பாராமல், எடுக்கும் மின்னோட்டத்தையும் மின்வழங்கியின் மின்னழுத்தத்தையும் அளந்து பாருங்கள். முடிந்தால் வெளியீட்டை அலைகாட்டியிலும் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரில் 741 இருக்கிறது. அந்தக் கட்டத்தின் பெருக்கம் 10. வெளியீட்டின் உச்சம் 3 வோல்ட். வேகத்தைப் பொறுத்தவரை 20,000 ஹெர்ட்ஸில் அது தேறுகிறதா? மிச்சப் பெருக்கத்தைப் பொறுத்தவரை என்ன சொல்வீர்கள்? மாற்றுவீர்களா, விட்டுவிடுவீர்களா? விடைக்காக அடுத்த இதழ் வரை காத்திருக்க வேண்டாம். தேவையான எண்களெல்லாம் மேலே உள்ள பத்திகளிலேயே இருக்கின்றன. பென்சிலை எடுங்கள்!